பொய் எத்தனை என்று எண்ணுங்கள்: தன்னைத்தானே சுட்டும் வாக்கியங்களைப் பிரித்துப் பார்ப்பது எப்படி?

‘இங்கே எழுதாதீர்கள்’ என்று சுவரில் கொட்டை எழுத்தில் எழுதி வைத்திருப்பார்கள். வகுப்பின் பின்வரிசையிலிருந்து ஒருவன் ‘சத்தம் போடாதீங்கடா!’ என்று தொண்டை கிழியக் கத்துவான். சிரித்துவிட்டுப் போய்விடுவோம். சொல்வது ஒன்று, செய்வது ஒன்று, அவ்வளவுதான் விஷயம். ஆனால் யாராவது ஒரு தாளில் ‘இந்த வாக்கியம் பொய்’ என்று எழுதி நீட்டினால் அப்படிச் சுலபமாகப் போய்விட முடிவதில்லை. சிலர் கோபப்படுவார்கள். சிலர் ‘இதெல்லாம் வார்த்தை விளையாட்டு’ என்று தாளைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். மூன்றாவது வகை ஆட்கள் பேனாவைத் தேடுவார்கள். இந்தக் கட்டுரை அவர்களுக்கு.

முன்னறிவு எதுவும் தேவையில்லை. தாள், பேனா, ஒரு அரைமணி நேரம் போதும். தலைக்குள்ளேயே போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள். இந்த வேலை தாளில்தான் நடக்கும்.

முதலில் கை பழக ஒரு சின்ன விளையாட்டு

ஒன்று முதல் பத்து வரை ஏதாவது ஓர் எண்ணை நினைத்துக்கொள்ளுங்கள். அதைத் தமிழில் எழுதி, எழுத்துகளை எண்ணுங்கள். புள்ளி வைத்த மெய்யையும் ஓர் எழுத்தாகவே எண்ண வேண்டும். வந்த எண்ணை மறுபடி எழுதுங்கள், மறுபடி எண்ணுங்கள். எடுத்துக்காட்டாக, ஆறு என்பதில் இரண்டு எழுத்து. இரண்டு என்பதில் நான்கு. நான்கு என்பதில் மூன்று. மூன்று என்பதில்? மூ, ன், று. மூன்றேதான். அதற்குமேல் நகராது.

பத்துக்குள் எங்கே தொடங்கினாலும் மூன்றில்தான் வந்து நிற்பீர்கள். தன்னைப் பற்றித் தானே உண்மை சொல்லும் எண் அந்தப் பத்தில் அது ஒன்றுதான்.

இப்போது ஒரே ஒரு மாற்றம். நான்கு என்று எழுதாமல் பேச்சுவழக்கில் ‘நாலு’ என்று எழுதிப் பாருங்கள். ஆறு, இரண்டு, நாலு... நாலு என்பதில் இரண்டெழுத்து. இரண்டு, நாலு, இரண்டு, நாலு என்று செக்குமாடு மாதிரி சுற்ற வேண்டியதுதான். விதி ஒன்றே, ஒரு சொல் மாறியதும் ஒரு பாதை ஓரிடத்தில் உட்கார்கிறது, இன்னொன்று ஓயாமல் சுழல்கிறது. கீழே வரும் எல்லாவற்றிலும் இந்த இரண்டையும் பார்க்கப்போகிறீர்கள்.

படி 1: ‘இந்த’ எதைச் சுட்டுகிறது?

அ, இ, உ என்று சுட்டெழுத்துகளைப் பள்ளியில் படித்திருப்போம். ‘இ’ பக்கத்தில் இருப்பதைச் சுட்டும். ஒரு வாக்கியத்துக்கு மிகப் பக்கத்தில் இருப்பது அதுவேதானே! அதனால்தான் ‘இந்த வாக்கியம்’ என்று தொடங்கியதும் விரல் தன் பக்கமே திரும்பிக்கொள்கிறது. இதைத் தற்சுட்டு என்று அழைப்போம்.

தற்சுட்டு என்றாலே சிக்கல் என்று நினைக்க வேண்டாம். ‘இந்த வாக்கியத்தில் ஐந்து சொற்கள் உள்ளன’ என்பதை எண்ணிப் பாருங்கள். ஐந்துதான். உண்மை. சாதுவான வாக்கியம். ‘ஆறு சொற்கள் உள்ளன’ என்று மாற்றினால் பொய். அதுவும் சாதுதான்.

சரி, அந்த உண்மையான வாக்கியத்தை மறுத்துப் பார்ப்போம்: ‘இந்த வாக்கியத்தில் ஐந்து சொற்கள் உள்ளன என்பது பொய்.’ உண்மையை மறுத்தால் பொய் வர வேண்டும். ஆனால் எண்ணிப் பாருங்கள், இதில் ஏழு சொற்கள். ஐந்து என்பது பொய்தான், ஆகவே இதுவும் உண்மை! ஒன்றும் அதன் மறுப்பும் சேர்ந்து உண்மையாகிவிட்டதா என்றால் இல்லை. ‘இந்த’ என்ற விரல், நாம் கவனிக்காத நேரத்தில் பழைய வாக்கியத்தை விட்டுப் புதிய வாக்கியத்தைச் சுட்டிவிட்டது.

ஆகவே பழக்கம் ஒன்று: ‘இந்த’ என்ற சொல்லைக் கண்டதும் வாக்கியத்துக்கு ஒரு பெயர் வையுங்கள். க, ங, ச எதுவானாலும் சரி. ‘க: க பொய்’ என்று எழுதிக்கொண்டால் விரல் நழுவாது.

படி 2: இரண்டு பக்கமும் நடந்து பாருங்கள்

புதிதாக வருபவர்களில் பெரும்பாலோர் தடுக்கி விழுவது இங்கேதான். ‘க: க பொய்.’ உண்மை என்று வைத்துக்கொள்கிறார்கள். உண்மையானால் அது சொல்வதுபோல் அது பொய். முரண்பாடு வந்துவிட்டது, ‘அப்போ பொய்தான்’ என்று எழுந்துவிடுகிறார்கள். பாதி வேலைதான் முடிந்திருக்கிறது. பொய் என்று வைத்தும் நடந்து பார்க்க வேண்டும். க பொய் என்றால், ‘க பொய்’ என்று அது சொன்னது சரியாகிவிட்டது, ஆகவே உண்மை. அந்தப் பக்கமும் சுவர்.

தாளில் இரண்டு பத்தி போடுங்கள். இடப்பக்கம் ‘உண்மை என்று வைத்தால்’, வலப்பக்கம் ‘பொய் என்று வைத்தால்’. ஒரு பக்கம் மட்டும் முட்டினால், மற்றப் பக்கமே விடை. இரண்டு பக்கமும் முட்டினால்தான் அது முரண்புதிர்.

இரண்டு பக்கமும் முட்டவே முட்டாத வகையும் உண்டு. ‘இந்த வாக்கியம் உண்மை’ என்று எழுதிப் பாருங்கள். உண்மை என்று வைத்தாலும் சரியாக இருக்கிறது, பொய் என்று வைத்தாலும் சரியாக இருக்கிறது. எது என்று தீர்மானிக்க உலகத்தில் எந்தச் சாட்சியும் இல்லை. ‘க பொய்’ என்ற அந்தப் பொய்யர் வாக்கியத்தைவிட இதுதான் எனக்கு அதிகத் தொந்தரவு தருகிறது. அதுவாவது முட்டிக்கொண்டு சத்தம் போடுகிறது. இது சிரித்துக்கொண்டு சும்மா நிற்கிறது.

படி 3: ‘எல்லாம்’ என்ற சொல்லிடம் ஏமாறாதீர்கள்

இந்தப் புதிரைச் சொல்லத் தொடங்கும் பலரும் கிரேத்தா தீவின் எபிமெனிதீஸிடமிருந்து தொடங்குவார்கள். ‘கிரேத்தர்கள் எப்போதும் பொய்யர்கள்’ என்று கிரேத்தரே ஒருவர் சொன்னாராம். பைபிளில் தீத்துவுக்குப் பவுல் எழுதிய நிருபத்தின் முதல் அதிகாரத்திலும் இந்த வரி வருகிறது. பவுல் அதைப் புதிராகப் பார்த்த மாதிரியே தெரியவில்லை. இந்தச் சாட்சி உண்மைதான் என்று சேர்த்துச் சொல்லிவிட்டுப் போகிறார்.

இதை இரண்டு பத்தி முறையில் போடுங்கள். உண்மை என்று வைத்தால், சொன்னவரும் கிரேத்தர், ஆகவே பொய், முட்டுகிறது. பொய் என்று வைத்தால்? ‘எல்லாக் கிரேத்தர்களும் பொய்யர்கள்’ என்பதன் மறுப்பு ‘எல்லாக் கிரேத்தர்களும் உண்மை பேசுபவர்கள்’ அல்ல. எங்கேயோ ஒரு கிரேத்தர் ஒரு தடவை உண்மை பேசியிருக்கிறார் என்றாலே போதும். அதில் முட்டல் ஏதும் இல்லை. ஆகவே எபிமெனிதீஸ் சொன்னது வெறும் பொய். முரண்புதிர் கிடையாது.

‘எல்லா விதிக்கும் விதிவிலக்கு உண்டு’ என்பதும் இதே கதைதான். அதுவும் ஒரு விதி என்று எடுத்துக்கொண்டால், அதற்கும் விதிவிலக்கு இருக்க வேண்டும். அதாவது விதிவிலக்கே இல்லாத விதி ஒன்று இருக்க வேண்டும். ஆக அது தன்னைத்தானே பொய்யாக்கிக்கொள்கிறது. பட்டிமன்றத்தில் இதைச் சொன்னால் கைதட்டல் கிடைக்கும். ஆனால் புதிர் இல்லை.

சுத்தமான புதிரைக் கட்டியவராகச் சொல்லப்படுபவர் பழைய கிரேக்க நகரமான மிலேத்தஸைச் சேர்ந்த தத்துவ ஞானி யூபுலிதீஸ், கி.மு. 4-ஆம் நூற்றாண்டுக்காரர். ‘பொய் சொல்கிறேன்’ என்று ஒருவன் சொல்கிறான். அவன் சொல்வது உண்மையா பொய்யா? ‘எல்லாம்’ இல்லை, ஊர்க்காரர்கள் இல்லை, தப்பிக்க வழியும் இல்லை. காஸ் தீவுக் கவிஞர் பிலெதாஸ் இதையே யோசித்து யோசித்து மெலிந்து இறந்துபோனார் என்று ஒரு பழங்கதை உண்டு. நீங்கள் வேளாவேளைக்குச் சாப்பிட்டுக்கொள்ளுங்கள்.

படி 4: பொய்களை எண்ணுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வதானால் இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

டீக்கடையில் இரண்டு பேர். தம்பி: ‘அண்ணன் சொல்றது பொய்.’ அண்ணன்: ‘தம்பி சொல்றது பொய்.’ இருவரும் வேறெதுவும் பேசவில்லை. தம்பி சொன்னது உண்மையானால் அண்ணன் பொய். அண்ணன் சொன்னது உண்மையானால் தம்பி பொய். இரண்டும் ஒத்துவருகின்றன. யார் என்று சொல்லத்தான் முடியவில்லை. முரண்புதிர் இல்லை.

இப்போது அண்ணன் பெருந்தன்மையோடு ‘தம்பி சொல்றது உண்மைதான்’ என்று சொல்லட்டும். தம்பி சொன்னது உண்மை என்றால் அண்ணன் பொய். அண்ணன் பொய் என்றால் தம்பி பொய். முட்டியது. தம்பி சொன்னது பொய் என்றால் அண்ணன் உண்மை. அப்படியானால் தம்பி உண்மை. அதுவும் முட்டியது. சண்டை போட்டபோது வராத சிக்கல், சமாதானமானதும் வந்துவிட்டது! பிலிப் ஜோர்டெய்ன் என்ற ஆங்கிலேயர் 1913-இல் இதையே ஓர் அட்டையின் இரண்டு பக்கங்களில் எழுதிக் காட்டினார்.

மூன்றாவதாக ஒருவரைச் சேர்த்து, ஒவ்வொருவரும் அடுத்தவரைப் பொய் என்று சொல்ல, கடைசி ஆள் முதல் ஆளைப் பொய் என்று சொன்னால்? போட்டுப் பாருங்கள், மறுபடி முட்டும். நான்கு பேர் என்றால் முட்டாது.

விதி புரிந்திருக்கும். ஒவ்வொருவரும் ஒருவரை மட்டுமே சுட்டும் வட்டத்தில், ஒரு சுற்று வந்து சேர்வதற்குள் ‘பொய்’ ஒற்றைப்படையாக வந்தால் முரண்புதிர். இரட்டைப்படையாக வந்தால் இரண்டு விடைகள், தீர்மானிக்க வழியில்லை. பொய்யே வராத ‘இந்த வாக்கியம் உண்மை’ பூஜ்யம் பொய், ஆகவே இரட்டைப்படைக் கணக்கு.

இது வெறும் பேச்சு என்று நினைப்பவர்களுக்கு ஒரு செய்தி: உங்கள் கையில் இருக்கும் போனுக்குள் இரண்டு வகையும் இருக்கின்றன. 1 வந்தால் 0 தரும், 0 வந்தால் 1 தரும் ‘நாட் கேட்’ என்பது, மின்சாரத்தில் செய்த ‘பொய்’. மூன்று நாட் கேட்டுகளை வட்டமாக இணைத்தால் அது 1, 0, 1, 0 என்று ஓயாமல் துடிக்கும். அதற்கு ரிங் ஆசிலேட்டர் என்று பெயர். இரண்டை வட்டமாக இணைத்தால் இரண்டு நிலைகளில் ஏதோ ஒன்றில் பிடித்து உட்கார்ந்துகொள்ளும்; எஸ்ராம் நினைவகத்தில் ஒரு பிட்டைத் தாங்கி நிற்பது அந்த ஜோடிதான். டீக்கடைச் சண்டை நினைவகமாகிறது, பொய்யர் வாக்கியம் துடிப்பாகிறது. பள்ளி இயற்பியலில் பார்த்த மின்சார மணியும் அப்படித்தான்: மின்சாரம் ஓடினால் காந்தம் தகட்டை இழுத்துச் சுற்றைத் துண்டிக்கும், துண்டித்தால் தகடு திரும்பி வந்து சுற்றைச் சேர்க்கும். கம்பிக்குக் காலம் இருக்கிறது, அதனால் அது முரண்படாமல் கிணுகிணுக்கிறது. தர்க்கத்துக்குக் காலம் இல்லை, அதனால் முட்டிக்கொண்டு நிற்கிறது.

எக்செல் வைத்திருந்தால் ஏ1 கட்டத்துக்குள் ஏ1-ஐயே சுட்டும் ஒரு சூத்திரத்தை எழுதுங்கள். வட்டச் சுட்டு என்று எச்சரிக்கை வரும். ஒற்றையா இரட்டையா என்று அது பார்ப்பதில்லை. வட்டம் என்றாலே கதவடைப்பு.

படி 5: விட்டுக்கொடுக்க ஏதாவது இருக்கிறதா?

ஓர் ஊர். அங்கே ஒரு சலூன்காரர். தனக்குத்தானே சவரம் செய்துகொள்ளாத ஊர் ஆண்கள் எல்லாருக்கும் அவர் சவரம் செய்வார். அவர்களுக்கு மட்டும்தான் செய்வார். அவரும் அவ்வூர் ஆண்களில் ஒருவர். (‘சலூன்காரர் பெண்ணாக இருந்தால்?’ என்று யாராவது கட்டாயம் கேட்பார்கள். அதனால்தான் கடைசி வரி.) அவருக்கு யார் சவரம் செய்வது? தானே செய்துகொண்டால் செய்யக்கூடாது. செய்துகொள்ளாவிட்டால் செய்ய வேண்டும்.

இரண்டு பக்கமும் முட்டுகிறது. ஆனால் இங்கே விட்டுக்கொடுக்க ஒன்று இருக்கிறது: அப்படி ஒரு சலூன்காரர் இருக்கிறார் என்ற நம் நம்பிக்கை. இல்லை என்று சொல்லிவிட்டால் கதை முடிந்தது. ஆகவே எந்தப் புதிரிலும் கதைக்குள் ஒரு ‘இருக்கிறார்’ நுழைந்திருக்கிறதா என்று தேடுங்கள். பாதிப் புதிர்கள் அங்கேயே அவிழும்.

விட்டுக்கொடுக்க முடியாத இடத்தில் மாட்டிக்கொண்டவர் ஜெர்மானியக் கணித அறிஞர் ஃபிரேகெ. கணிதம் முழுவதையும் தர்க்கத்திலிருந்து எழுப்ப அவர் இட்ட அடித்தளத்தில், எந்தப் பண்பைச் சொன்னாலும் அந்தப் பண்புள்ளவற்றின் கணம், அதாவது தொகுப்பு, ஒன்று உண்டு என்று ஆகிறது. 1902 ஜூன் 16-ஆம் தேதி ஆங்கிலேயத் தத்துவ அறிஞர் பெர்ட்ரண்ட் ரஸ்ஸல் அவருக்கு ஒரு கடிதம் எழுதினார். தன்னைத் தன் உறுப்பாகக் கொள்ளாத கணங்கள் எல்லாவற்றையும் கொண்ட கணம், தனக்குத் தான் உறுப்பா? உறுப்பு என்றால் இல்லை, இல்லையென்றால் உறுப்பு. சலூன்காரரை ‘இல்லை’ என்று சொன்ன மாதிரி இந்தக் கணத்தை ‘இல்லை’ என்று சொன்னால் அடித்தளமே போகும். அந்த அடித்தளத்தை விளக்கும் ஃபிரேகெயின் நூலின் இரண்டாம் தொகுதி அப்போது அச்சில் இருந்தது. 1903-இல் அது வெளிவந்தபோது இந்தச் சிக்கலை ஒப்புக்கொள்ளும் பின்னிணைப்பு ஒன்றும் சேர்ந்து வந்தது. தன் வாழ்நாள் உழைப்பின் விரிசலைத் தன் புத்தகத்திலேயே அச்சடித்துக் கொடுக்க எத்தனை பேருக்கு மனம் வரும்?

படி 6: சொற்களிலும் தேடுங்கள்

‘பெயர்ச்சொல்’ என்பது ஒரு பெயர்ச்சொல். தனக்குத் தானே பொருந்துகிறது. ‘வினைச்சொல்’ என்பது வினைச்சொல் அல்ல, அதுவும் பெயர்தான், தனக்குப் பொருந்தவில்லை. ‘உயிரீறு’ உயிரில் முடிகிறது, பொருந்துகிறது. ‘மெய்யீறு’ என்பதும் உயிரில்தான் முடிகிறது, பொருந்தவில்லை. ‘வடசொல்’ என்பது நல்ல தமிழ்ச்சொல். எனக்குப் பிடித்த ஜோடி: ‘ஐந்தெழுத்து’ என்பதில் ஆறு எழுத்து, ‘ஆறெழுத்து’ என்பதில் ஐந்து எழுத்து!

இப்படித் தனக்குத் தானே பொருந்தாத சொற்களுக்கு ‘பொருந்தாச்சொல்’ என்று பெயர் வைப்போம். வினைச்சொல், மெய்யீறு, வடசொல் எல்லாம் பொருந்தாச்சொற்கள். அப்படியென்றால் ‘பொருந்தாச்சொல்’ என்ற சொல்? இரண்டு பத்தி போடுங்கள். 1908-இல் கிரெல்லிங், நெல்சன் என்ற இருவர் வெளியிட்ட புதிர் இது. சலூன்காரருக்குச் சொன்ன பதில் இங்கே உதவாது. சொல் கண்முன்னே இருக்கிறது, இப்போதுதான் செய்தோம்.

அதேபோல், ‘பத்துச் சொற்களுக்குள் குறிப்பிட முடியாத மிகச் சிறிய எண்’ என்ற தொடரில் எத்தனை சொற்கள் என்று எண்ணுங்கள். ஏழு. பத்துக்குள் குறிப்பிட முடியாததை ஏழில் குறிப்பிட்டுவிட்டோம். ஆக்ஸ்ஃபோர்டின் போட்லியன் நூலகத்தில் வேலை பார்த்த பெரி என்பவர் சொன்னதாக ரஸ்ஸல் இதைப் பதிவு செய்திருக்கிறார்.

படி 7: விதி உடையும் இடம்

பொய்யை எண்ணச் சொன்னேன் அல்லவா? இதோ, பொய்யே இல்லாத ஒன்று. ‘ம: ம உண்மையானால், நாளை மழை பெய்யும்.’

ம உண்மை என்று வைப்போம். அப்படியானால் அது சொல்வது சரி: ம உண்மையானால் மழை. ம உண்மை என்றுதானே வைத்திருக்கிறோம்? ஆகவே மழை. இதுவரை காட்டியது, ‘ம உண்மையானால் மழை’ என்பதை. கொஞ்சம் நில்லுங்கள், ம சொல்வதும் அதுதானே! ஆக ம உண்மை என்று நிறுவியாகிவிட்டது, இனி வைத்துக்கொள்ள வேண்டியதில்லை. ம உண்மை என்றால் நாளை மழை.

மழைக்குப் பதில் எதை வேண்டுமானாலும் போடலாம். அமெரிக்கத் தர்க்க அறிஞர் ஹாஸ்கெல் கரி 1942-இல் வெளியிட்டது இது. ஹாஸ்கெல் என்ற நிரல்மொழி அவர் பெயரால்தான் வழங்குகிறது. முதல் தடவை படிக்கும்போது எங்கோ ஏமாற்றப்பட்ட உணர்வு வரும். இரண்டாம் தடவையும் வரும். ‘பொய்’, ‘அல்ல’ போன்ற மறுப்புச் சொற்களைத் தடை செய்தால் புதிர்கள் ஒழியும் என்ற நம்பிக்கையை இது ஒரே வரியில் சாய்க்கிறது. படி 4-இன் விதி வட்டத்தில் ‘உண்மை’, ‘பொய்’ மட்டும் இருக்கும்வரைதான் செல்லும். ‘உண்மையானால்’ என்பதில் வரும் ‘ஆனால்’ நுழைந்தால் இரண்டு பத்திக்கே திரும்ப வேண்டும்.

அப்புறம், பெரியவர்கள் என்ன செய்தார்கள்?

5-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த இலக்கண ஞானி பர்த்ருஹரி தம் வாக்கியபதீயத்தில் ‘நான் சொல்வதெல்லாம் பொய்’ என்பதை எடுத்துக்கொள்கிறார். அப்படிச் சொல்பவர் அந்த வாக்கியத்தையும் சேர்த்துச் சொல்லவில்லை, சேர்த்தால் சொல்ல வந்த பொருளே வராமல் போகும் என்பது அவர் முடிவு. நாம் அன்றாடம் பேசும்போது உண்மையில் செய்வது இதைத்தான். ஆனால் ‘நான் வேண்டுமென்றே சேர்த்துத்தான் சொல்கிறேன்’ என்று அடம்பிடிப்பவருக்கு இது போதாது.

போலந்தின் தர்க்க அறிஞர் தார்ஸ்கி 1933-இல் மாடிப்படி கட்டினார். ஒரு மொழியின் வாக்கியங்கள் உண்மையா பொய்யா என்று அதற்கு ஒரு படி மேலே உள்ள மொழியில்தான் பேச வேண்டும். அதே படியில் நின்று பேசக்கூடாது. புதிர் எழவே எழாது. ஆனால் நாம் பேசும் தமிழில் ‘உண்மை’ என்ற சொல்லுக்கு மாடி எண் கிடையாது. கணிதத்துக்குப் பொருந்திய இந்தச் சட்டை டீக்கடைக்கு இறுக்கமாகத்தான் இருக்கிறது.

1975-இல் அமெரிக்கத் தத்துவ அறிஞர் கிரிப்கி சொன்னது எனக்கு நெருக்கமானது. ஓர் அரசு அலுவலகத்தை நினைத்துக்கொள்ளுங்கள். மூன்றாம் கவுண்டரில் கேட்டால் ஐந்தாம் கவுண்டருக்குப் போகச் சொல்வார்கள், ஐந்தில் கேட்டால் ஒன்பதுக்கு. எங்கோ ஓரிடத்தில் ஒருவர் முத்திரை குத்தினால் சரி. ஒன்பதாம் கவுண்டர் மறுபடி மூன்றைக் காட்டினால் உங்கள் மனு தரையையே தொடாது. அப்படித் தரை தொடாத வாக்கியங்களுக்கு உண்மையும் இல்லை, பொய்யும் இல்லை என்றார். ‘இந்த வாக்கியம் உண்மை’யும் அந்தக் கூட்டத்தில்தான் சேரும். அழகான தீர்வு. ஆனால் உடனே ஒருவர் ‘இந்த வாக்கியம் உண்மை அல்ல’ என்று எழுதி நீட்டுவார். உண்மையும் இல்லை பொய்யும் இல்லை என்றால் ‘உண்மை அல்ல’ என்பது சரிதானே, அப்படியானால் அது உண்மை... மறுபடி முதல் கவுண்டர்.

புதிரைத் தீர்க்க முயலாமல் வேலைக்கு வைத்துக்கொண்டவர் ஆஸ்திரியத் தர்க்க அறிஞர் கேடல். ‘பொய்’ இருந்த இடத்தில் ‘இந்த அமைப்பின் விதிகளால் நிறுவ முடியாது’ என்று போட்டார். ‘என்னை நிறுவ முடியாது’ என்று ஒரு கணித வாக்கியத்தைச் சொல்லவைத்தார். விதிகள் தம்முள் முரண்படாதவை என்றால் அதை நிறுவ முடியாது. ஆகவே அது சொல்வது உண்மை. முட்டல் இல்லை, உண்மையான ஆனால் நிறுவ முடியாத ஒரு வாக்கியம் கிடைத்துவிட்டது. 1930 செப்டம்பரில் கோனிக்ஸ்பர்க் நகரில் ஒரு கருத்தரங்கில் இதை முதலில் பொதுவில் சொன்னபோது அவருக்கு 24 வயது; கட்டுரை 1931-இல் வெளிவந்தது. ஒற்றைச் சொல்லை மாற்றியதில் புதிர் தேற்றமாகிவிட்டது. ‘நாலு’ ‘நான்கு’ ஆனது நினைவிருக்கிறதா?

கைப்பயிற்சிக்கு ஒன்று தருகிறேன். அச்சுப்பிழை என்று நினைத்துத் திருத்திவிடாதீர்கள். பேனாவோடு உட்காருங்கள், ‘பிழை’ என்றால் எழுத்துப்பிழை மட்டும்தானா என்றும் யோசியுங்கள்:

‘இந்த வாக்கியத்தில் மூண்று பிளைகள் உள்ளன.’